உடைந்த கலத்தில் பாதி: ஊர்காவற்றுறைக் கிட்டங்கிகள் பற்றி



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு ஏற்பாட்டாளர்கள் எனக்கு அனுப்பிய கடிதத்தில் 'ஆற்றங்கரைப் பழம் பண்டகசாலைகளும் அவற்றின் மீட்பும்' என்று தலைப்புக் குறித்திருந்தார்கள். வாசித்ததும் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தானிடம் ஆற்றங்கரையைப் பற்றிக் கேட்பது, நெடுந்தீவானிடம் மலையேற வழி கேட்பது மாதிரி. வழுக்கையாறு என்று ஒன்று எங்களுக்கு உண்டு, மறுக்கவில்லை. மாரியில் ஓடும். கோடையில் அதன் படுக்கையில் மாடு மேயும். அராலிப் பக்கம் போய்ச் சேருமுன் பாதி ஆண்டு அது ஆறாகவே இராது.

பிறகு யோசித்தபோது தலைப்பில் பிழையில்லை என்று பட்டது. எங்களுக்கு ஆறு என்றால் பரவைக்கடல்தான். அதற்கு இரு கரை உண்டு. நடுவில் ஆழமான ஓடை உண்டு, ஓரத்தில் சேறு உண்டு. காற்றும் நீரோட்டமும் பார்த்துக் கோலூன்றி வத்தை தள்ளிய மனிதர்கள் இருந்தார்கள். ஊருக்குள்ளே சரக்கைக் கொண்டுவந்து சேர்த்த வழியும் அதுதான். வேறெங்கும் ஓர் ஆறு செய்யும் வேலையைத்தான் அது செய்தது. அந்தக் கடலாற்றின் வாயில் உட்கார்ந்திருக்கும் ஊர் ஊர்காவற்றுறை. ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஒரே ஊருக்கு எத்தனை பெயர் என்று பாருங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சாசனத்தில் அது ஊராத்துறை. சிங்கள நூல்களில் ஊராதொட்ட. சிங்களத்தில் 'ஊரா' என்றால் பன்றி. பாளியில் எழுதியவர்கள் அதையே மொழிபெயர்த்துச் சூகரதித்தம், அதாவது பன்றித்துறை, என்று வைத்துவிட்டார்கள். சூளவம்சத்தில் வரும் சூகரதித்தம் இந்த ஊர்தான் என்பது அறிஞர் பலர் ஒப்பும் கருத்து. போர்த்துக்கேயர் வந்தபோது அவர்கள் கண்ணில் பட்டது பன்றியல்ல, யானை. வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் ஓட்டி வந்து, இங்கே கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அதனால் யானைகளின் இறங்குதுறை என்ற பொருளில் 'காய்ஸ் தொஸ் எலபாந்தெஸ்' என்றார்கள். நாளடைவில் யானை உதிர்ந்து போய்த் துறை மட்டும் மிஞ்சி, 'கயிற்ஸ்' ஆயிற்று. ஒல்லாந்தர் வந்தார்கள். தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள்: ஊர்காவற்றுறை இருக்கும் தீவு லைடன், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடெல்பேர்க், நெடுந்தீவு டெல்ஃப்ற். அவற்றுள் டெல்ஃப்ற் மட்டும் நிலைத்தது. எதிரே கடலுக்குள் இருந்த போர்த்துக்கேயர் கோட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் ஹமென்ஹீல். இலங்கையின் வரைபடம் பன்றித் தொடையைப் போல இருக்கிறதாம். அதன் குதிகால் இந்த இடமாம். பாளிப் பிக்குவும் ஒல்லாந்த மாலுமியும் சில நூற்றாண்டு இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாமல், அதே பன்றியிடம் வந்து சேர்ந்ததை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். தமிழன் மட்டும் கண்ணியமாக 'ஊரைக் காவல் செய்யும் துறை' என்று பெயரைத் திருத்தி எழுதிக்கொண்டான்.

ஆனால் எந்த மொழியில் எடுத்தாலும் பெயரின் ஈற்றில் ஒன்று தவறாமல் நிற்கிறது: துறை, தொட்ட, தித்தம், காய்ஸ். துறை என்றால் சரக்கு இறங்கும். இறங்கிய சரக்குக்கு ஒரு கூரை வேண்டும். அந்தக் கூரைதான் இன்றைக்கு என் பொருள்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு கல் இருக்கிறது. திருவிழாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் அதைக் கடந்து போய்விடுவார்கள். 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் சாசனம் அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை வாசித்து 1963இல் வெளியிட்டார். சிங்கள அரசன் ஒருவனின் ஆணை, மொழியோ தமிழ். யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்கள் மொழியில் சொல்லியிருக்கிறான்.

ஆணையின் சாரம் இது. பரதேசிகள், அதாவது அயல்நாட்டு வணிகர், ஊராத்துறையிலே வந்து இறங்க வேண்டும்; அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால், கரை சேர்ந்ததில் கால் பங்கு பண்டாரத்துக்கு (அரச கருவூலத்துக்கு), முக்கால் பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. இந்த விதி கல்லிலும் செம்பிலும் எழுதப்பட வேண்டும்.

படையெடுப்பும் பட்டமளிப்பும் நிறைந்த சாசனங்களுக்கு நடுவே இது எவ்வளவு தரைமட்டமான பேச்சு என்று கவனியுங்கள். உடைந்த கப்பலின் சரக்கைக் கரையில் உள்ளவன் எடுத்துக்கொள்வதும், அரசன் முழுவதையும் வாரிக்கொள்வதும் அந்தக் காலக் கடற்கரைகளில் புதுமையல்ல. அப்படிப்பட்ட உலகத்தில் ஓர் அரசன் 'பாதி உனக்கு' என்று எழுதி வைக்கிறான். கருணையால் என்று நான் நினைக்கவில்லை. பாதி கிடைக்கும் என்று தெரிந்தால்தான் வணிகன் அடுத்த பருவமும் வருவான். முழுவதையும் பறித்தால் ஒரு கப்பல் கிடைக்கும். பாதியை விட்டுக்கொடுத்தால் ஒரு துறைமுகம் கிடைக்கும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறோர் உடைவுக்கு இதைத் திரும்பக் கொண்டுவரப் போகிறேன்.

பராக்கிரமபாகுவுக்குப் பிறகு துறைமுகம் தன் தொழிலை விடவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத் தளபதியாக இருந்த ஹென்றிக் ஸ்வார்டக்றோன் 1697இல் தாம் மலபார்க் கரைக்குப் போயிருக்கும் காலத்துக்காக யாழ்ப்பாணச் சபைக்கு எழுதி வைத்த குறிப்பேடு, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் ஐந்தொகை மாதிரி இருக்கும். யானை, சாயவேர், பனைமரம், சங்கு, நெடுந்தீவுக் குதிரை என்று ஒவ்வொன்றிலும் வரவென்ன, இழப்பென்ன என்பதே அந்த மனிதரின் கவலை. சாயவேர் என்பது சிவப்புச் சாயம் தரும் வேர். தீவுகளிலும் மன்னாரிலும் அதைத் தோண்டினார்கள். அதில் தோய்ந்த துணி சோழமண்டலக் கரையிலிருந்து உலகம் சுற்றியது. பனைமரம் சலாகையாகவும் வளையாகவும் போயிற்று. பிறகு பிரித்தானியர் காலத்தில் புகையிலை. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூரில் இருந்த மோகம் எங்கள் தீவுகளில் எத்தனையோ கல்வீடுகளைக் கட்டியது. போகும் தோணி புகையிலையும் சலாகையும் கொண்டுபோகும். வரும் தோணி நெல், அரிசி, புடைவை, பின்னாளில் ஓடு கொண்டுவரும்.

இந்த இடத்தில் துறைமுகம் வேலை செய்த விதத்தைச் சொல்லாவிட்டால் கிட்டங்கி எதற்கு என்பது விளங்காது. யாழ்ப்பாண நகரத்துப் பண்ணைக் கரையில் பெரிய தோணி வர முடியாது, தண்ணீர் முழங்காலளவு. ஆகவே ஆழமும் ஒதுக்கமும் உள்ள ஊர்காவற்றுறையில் நங்கூரம் போடுவார்கள். அங்கே ஆயம் இறுக்க வேண்டும். சுங்கம் என்று இன்று சொல்வதை எங்கள் பழைய ஆட்கள் ஆயம் என்பார்கள். ஆயம் இறுத்த சரக்கு வத்தைகளில் மாறி, பரவைக்கடல் வழியே யாழ்ப்பாணத்துக்குப் போகும். கடலின் காலக்கணக்கு ஒன்று, கந்தோரின் காலக்கணக்கு வேறொன்று, சந்தையின் காலக்கணக்கு இன்னொன்று. மூன்றும் ஒத்துவரும்வரை நெல்லு மூடை எங்கே கிடப்பது? அதுதான் கிட்டங்கி.

என் அப்புவின் தகப்பனார் ஊர்காவற்றுறையில் அப்படியொரு கிட்டங்கியில் கணக்கெழுதியவர். நான் அவரைக் கண்டதில்லை. அப்பு சொல்லக் கேட்டதில் ஒன்று மட்டும் மறக்கவில்லை. கிட்டங்கிக்குள் மூடை அடுக்கும்போது சுவரோடு சேர்த்து அடுக்க விடமாட்டாராம். நிலத்தில் பனஞ்சலாகை பரப்பி, சுவரிலிருந்து ஒரு முழம் விட்டுத்தான் அடுக்க வேண்டும். யாராவது இடம் மிச்சம் பிடிக்கச் சுவரோடு தள்ளினால், 'சுவருக்கு மூச்சு விட இடம் விடடா' என்று சத்தம் போடுவாராம். அப்பு இதை ஒரு பகிடியாகத்தான் சொல்வார். எனக்கு விஷயம் விளங்க நாற்பது வருடம் ஆயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிட்டங்கி என்ற சொல்லையும் ஒரு நிமிடம் பார்க்கலாம். தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி. மலாய்க்குப் போய்க் 'குடாங்' ஆயிற்று. அங்கிருந்து ஆங்கிலேயன் எடுத்துக் 'கொடவுண்' ஆக்கினான். அகராதிக்காரர் பலர் ஒப்பும் வழி இது. பிறகு அதே சொல் ஆங்கில உடுப்போடு நம்மிடம் திரும்பி வந்து குடோன் என்று உட்கார்ந்துகொண்டது. வட்டிக்குக் கொடுத்த சொல் வட்டியில்லாமல், உருவமும் மாறித் திரும்பியிருக்கிறது. செட்டிமார் பர்மாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தாங்கள் தொழில் செய்து தங்கிய கூடங்களைக் கிட்டங்கி என்றார்கள். யாழ்ப்பாணத்திலோ கிடங்கு என்றால் குழி. 'வளவுக்குள்ளே கிடங்கு வெட்டினேன்' என்றால் பண்டகசாலை கட்டியதாக எங்களூரில் யாரும் எண்ணமாட்டார்கள். அதனால்தான் சரக்கு வைக்கும் இடத்துக்குக் கிட்டங்கி என்ற வடிவத்தை வேறாக வைத்துக்கொண்டோம்.

துறைமுகம் எப்படிச் செத்தது என்பதை விரிக்க நேரமில்லை, விரிக்கத் தேவையுமில்லை. 1905இல் காங்கேசன்துறை வரை ரயில் வந்தது. கொழும்பில் இறங்கிய அரிசி ரயிலில் ஏறி யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் இந்தியாவுக்குப் போகிறவனுக்கும் ஊர்காவற்றுறை தேவைப்படவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு கடவுச்சீட்டு, இறக்குமதிக் கட்டுப்பாடு. அப்புவின் தகப்பனார் காலத்தில் வியாபாரம் என்று பெயர் பெற்றிருந்த காரியம், அப்புவின் காலத்தில் கடத்தல் என்று பெயர் மாறியது. தோணியும் அதுதான், காற்றும் அதுதான். 1990இல் போரின்போது படையினர் தீவுப்பகுதியைக் கைப்பற்றியபோது மிச்சமிருந்த சனத்தில் பெரும்பகுதி வெளியேறியது. கூரை கழன்றது. கதவும் யன்னலும் போயின. கல் மட்டும் நின்றது. பல இடங்களில் அதுவும் நிற்கவில்லை.

இனி, மீட்பு என்ற சொல்லுக்கு வருவோம். ஊர்காவற்றுறைக் கரையில் நின்று பார்த்தால், நீரின் நடுவே ஹமென்ஹீல் தெரியும். எங்கள் ஆட்களுக்குக் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் முருகைக்கல்லால் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, சுற்றிலும் தண்ணீர் இருக்கக் குடிக்கத் தண்ணீரில்லாமல் சரணடைந்தது. பிரித்தானியர் காலத்தில் சிறை, தொற்றுநோயாளரை ஒதுக்கி வைத்த இடம். இன்று கடற்படை நடத்தும் உல்லாச விடுதி. சுவர் நேராக நிற்கிறது, கூரை ஒழுகவில்லை, படகு வருகிறது, போகிறது. சிறைக்கூடத்தில் காசு கொடுத்துப் படுப்பது நாகரிகமாகிவிட்டது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சுளிப்பில் பங்குண்டு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை மறுக்க முடியாது: அது நிற்கிறது. ஊர்காவற்றுறைக் கரையில் இருந்த அதன் ஜோடிக் கோட்டை இன்று கற்குவியல்.

யாழ்ப்பாணக் கோட்டையும் 1990 முற்றுகையில் சிதைந்து, போருக்குப் பிறகு நெதர்லாந்தின் உதவியோடு தொல்பொருள் திணைக்களத்தின் கையால் திருத்தப்பட்டது. தெற்கே காலிக்குப் போனால், ஒல்லாந்தரின் பெரிய பண்டகசாலையையே காணலாம். கோட்டையின் பழைய வாசல் அதன் ஊடாகத்தான் போகிறது. வாசலின் உட்புறத்தில் 1669 என்று ஆண்டு பொறித்துக் கொம்பனியின் இலச்சினையும் சேவலும் செதுக்கியிருக்கிறார்கள். கறுவாவும் கயிறும் கப்பற் சாமானும் வைத்த நீண்ட கூடம். 1992இல் கடல்சார் அருங்காட்சியகமாக்கினார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி உள்ளே புகுந்து பொருட்களைக் கொண்டுபோயிற்று. கட்டடம் நின்றது. நெதர்லாந்தின் உதவியோடு திருத்தி 2010இல் மீண்டும் திறந்தார்கள். அங்கே நான் போனபோது காட்சிப் பெட்டிகளை அதிகம் பார்க்கவில்லை. சுவரின் கனத்தைத்தான் கையால் அளந்துகொண்டிருந்தேன். காவலாளி என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

உண்மையான ஆற்றங்கரை வேண்டுமென்றால் சிங்கப்பூருக்குப் போக வேண்டும். சிங்கப்பூர் ஆற்றில் தொடக்கத்தில் சரக்குப் படகு தள்ளியவர்களில் முன்னணியில் நின்றவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன சூலியாக்கள். பிறகு அந்தத் தொழில் சீனர் கைக்கு மாறியது. 1983இல் படகுகளை ஆற்றிலிருந்து வெளியேற்றினார்கள். 1989இல் படகுத்துறைக் கரையின் கடைகளையும் கிட்டங்கிகளையும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். இன்று அங்கே நண்டுக்கறி விற்கிறார்கள். சுவர் பிழைத்தது, சரக்கு வாசனை போயிற்று. பிழைத்ததே பெரிது என்பவர்களோடு நான் சண்டைக்கு நிற்கமாட்டேன்.

இந்த உதாரணங்களையெல்லாம் அடுக்கிப் பார்த்தபோது எனக்குப் புலப்பட்டது இதுதான். இலங்கையில் மீட்கப்பட்ட இந்தக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் உடைமைக்காரன் ஒருவன்தான். போர்த்துக்கேயரோ கொம்பனியோ கட்டியது, முடிக்குரியதாக மாறியது, இன்று அரசாங்கத்துக்குரியது. காலிப் பண்டகசாலைக்கு யாரிடம் கையெழுத்து வாங்குவது என்ற கேள்வி எழவில்லை. ஹமென்ஹீலுக்கும் எழவில்லை. ஆனால் ஊர்காவற்றுறைக் கரையில் இருந்த கிட்டங்கிகளில் பல எங்கள் ஆட்கள் கட்டியவை. அங்கேதான் சிக்கல். கோட்டையை மீட்கத் தடை பணம். கிட்டங்கியை மீட்கத் தடை உறுதி, அதாவது காணிப் பத்திரம்.

சட்டத்தை எடுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதி என்று ஒரு கோடு கிழித்திருக்கிறது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள் அது. அதற்கு முற்பட்ட கட்டடம் என்றால் சட்டம் தானாகவே அதைத் தொல்சின்னமாகக் கொள்ளும். பிற்பட்டது என்றால் அமைச்சர் வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். புகையிலைக் காசில் எழுந்த கிட்டங்கிகள் பெரும்பாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம். கண்டியில் ஓர் அரசனின் கதை முடிந்த திகதிக்கும், தீவில் ஒரு சம்மாட்டி கட்டிய கட்டடத்தின் வயதுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பதில் கிடையாது.

அடுத்தது தேசவழமை என்ற எங்கள் வழக்காற்றுச் சட்டம். ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் எங்கள் வழக்கங்களைத் தொகுத்தபோது முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தைப் பிரித்து எழுதினார். அழகான பிரிப்பு. ஆனால் நூற்றைம்பது வருடமாக அந்தப் பிரிப்பு ஒரு கட்டடத்தின் மேல் வேலை செய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அரைப் பங்கு கால் ஆகும், கால் அரைக்கால் ஆகும். ஒரு பங்காளி தன் பங்கை விற்க நினைத்தால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிசில், ஒருவர் வன்னியில். ஒருவர் எங்கே என்று எவருக்கும் தெரியாது. போரினால் காணியை விட்டுப் போனவர்களின் உரிமை பத்து வருட அனுபவக் கணக்கில் அழிந்துபோகக் கூடாது என்று 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அது நியாயமான சட்டம். ஆனால் உரிமையைக் காப்பாற்றும் சட்டம் கூரையைக் காப்பாற்றாது. முப்பத்திரண்டில் ஒரு பங்கு வைத்திருப்பவன் முப்பத்திரண்டில் ஓர் ஓடு போடுவானா?

இப்போது நயினாதீவுக் கல்லுக்குத் திரும்புகிறேன். உடைந்த கலத்தில் பாதி உடையவனுக்கு, பாதி பண்டாரத்துக்கு. இன்று அரசாங்கம் ஒரு பழைய கட்டடத்தின் மேல் கை வைத்தால் முழுவதும் போய்விடும் என்று உடையவன் பயப்படுகிறான். அந்தப் பயத்துக்கு எங்கள் பகுதியில் காரணம் இல்லாமலும் இல்லை. அதனால் மறைத்து வைக்கிறான், அல்லது இடித்துக் கல்லை விற்கிறான். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஒரு சட்டம் இதைவிட விவேகமாக இருந்தது என்று நான் சொன்னால் நீங்கள் சிரிக்கலாம். என் யோசனை இவ்வளவே: மண்ணின் உரிமை பங்காளிகளிடமே இருக்கட்டும், கட்டடத்தின் பயன்பாட்டை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு ஊருக்கு எழுதிக்கொடுக்கட்டும். பாதிக்குப் பாதி. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. எங்கள் கோயிலுக்கும் மடத்துக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் தரும சாதனம் எழுதிப் பழகிய கைகள் எங்களுடையவை. இப்போது நான் நின்று பேசுகிற இந்த மேடையே அப்படி எழுதப்பட்ட ஒரு தாளின் பயன்தானே. கிட்டங்கிக்கு என்றால் மட்டும் பேனை தயங்குகிறது. அங்கே சாமியும் இல்லை, சரசுவதியும் இல்லை. நெல்லு மூடைதானே இருந்தது என்ற நினைப்பு. வெளிநாட்டிலிருந்து தீவுகளுக்கு வரும் காசில் எழும் கோபுரங்களைப் பார்க்கிறேன். காசுக்குப் பஞ்சமென்று எவரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

கையெழுத்து வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆபத்து திருத்த வருபவர். எங்கள் கிட்டங்கிச் சுவர்களின் முருகைக்கல் கடலில் பிறந்த கல். உப்பு அதன் உடம்பில் இருக்கிறது. நிலத்து ஈரம் சுவரில் ஏறும், காற்றில் உலரும். உலரும்போது உப்புப் பூக்கும். சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரில் அந்த உப்பு சாந்தின் வழியாக வெளியே வந்து சாந்தைத்தான் உதிர்க்கும். சில வருடத்துக்கு ஒருமுறை சாந்தைச் சுரண்டி மறுபடி பூசிவிட்டால் போதும், கல் பிழைக்கும். அதன் மேல் சீமெந்து பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும். உப்பு கல்லுக்குள்ளேயே பூத்து, கல் மாவாகும். வெளியே சீமெந்துத் தோல் பளபளப்பாக நிற்கும்; தட்டினால் உள்ளே பொள் என்று கேட்கும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் எழுந்த பிறகு, எங்கள் பகுதியில் எல்லா நோய்க்கும் அந்தச் சாம்பல் மருந்துதான். எங்கள் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு ஆக்கிய பொருளே எங்கள் சுண்ணாம்புச் சுவர்களைத் தின்றது.

'சுவருக்கு மூச்சு விட இடம் விடடா' என்று சத்தம் போட்ட கணக்கப்பிள்ளைக்கு வேதியியல் தெரியாது. மூடை நனைவது தெரியும்.

சுண்ணாம்புக்கு என்ன செய்வது என்று மேசன்மார் கேட்பார்கள். முருகைக்கல் தோண்டுவதற்கும் சுடுவதற்கும் தடை இருக்கிறது. இருக்க வேண்டியதுதான், கரையைக் காப்பது அந்தக் கல். குடாநாட்டுச் சுண்ணக்கல் இருக்கிறது, சிப்பி இருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊற வைத்துப் பிறகு எடுக்க வேண்டும். கொந்தராத்துக்காரர் மாதக்கணக்கு என்ற சொல்லைக் கேட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஏற்கெனவே சுவரில் ஏறிய உப்பை இழுக்க, ஈரக் களியை அப்பி உலர விட்டு எடுக்கும் முறை இருக்கிறது. நோயாளிக்குப் பற்றுப் போடுவது மாதிரித்தான். கூரைக்கு வைரம் பாய்ந்த பனை வேண்டும். பெண்பனைதான் நல்லது என்பார்கள். அறுபது எண்பது வருடம் நின்ற மரம் வேண்டும். இன்று பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டும், அதுவும் நியாயமே. போரில் விழுந்த பனைகளுக்கு யாரிடம் அனுமதி கேட்டார்கள் என்பது வேறு கேள்வி.

எல்லாம் முடிந்து கட்டடம் நின்றால் உள்ளே என்ன வைப்பது? அருங்காட்சியகம் என்று உடனே ஒரு குரல் வரும். எனக்கு எதிர்ப்பு இல்லை, ஆனால் முதல் விருப்பம் அதுவல்ல. தீவுப்பகுதியில் இன்னும் சரக்கு இருக்கிறது. நெடுந்தீவுக்குப் போகும் அரிசியும் சீமெந்தும் எரிபொருளும் குறிகட்டுவான் இறங்குதுறையில் வெயிலிலும் மழையிலும் கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பனங்கட்டி, ஒடியல், கருவாடு, வலை, இயந்திரம் எல்லாம் ஓர் உலர்ந்த கூரையைத் தேடுகின்றன. கிட்டங்கியைக் கிட்டங்கியாகவே வைத்திருக்க முடிந்தால், ஒரு மூலையில் நயினாதீவுக் கல்லின் படியொன்றை நிறுத்திவிட்டு, மற்ற இடத்தில் மூடை அடுக்கலாம். ஒரு முழம் விட்டு.

இந்த மண்டபத்தில் தீவுப் பிள்ளைகள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். வீட்டுப் பெட்டகத்தில் பழைய உறுதிகள் இருக்கும். பெறுமதியைப் பார்க்காதீர்கள், எல்லை எழுதிய பந்தியைப் பாருங்கள். கட்டடம் விழுந்தாலும் அடுத்த வீட்டுக்காரனின் எல்லையில் அதன் பெயர் நின்றுகொண்டிருக்கும். எங்கள் குடும்பத்து உறுதி ஒன்றில் கிழக்கு கடல், தெற்கு ஒழுங்கை, வடக்கு 'கிட்டங்கிச் சுவர்' என்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டு போனேன். உறுதியை வாசித்தார், சங்கிலியை வைத்துவிட்டு வடக்கே நடந்து பார்த்தார். சுவர் இல்லை. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் மூன்று கிளுவங் கதியாலை ஊன்றிவிட்டு, வெயிலுக்கு முன் அடுத்த காணிக்குப் போய்விட்டார். கதியால் மூன்றும் தளிர்த்துவிட்டன.